கட்டுப்போட்ட கையும் கட்டுப்படாத உடலும்



வீட்டிலே தமிழும் கடைவீதியிலே தெலுங்கும் பேசி, இரு மொழியையும் தமக்கே உரிய செல்வமாகப் போற்றி வாழும் சித்தூர்ப் பெருமக்களின் முன்னிலையில் பேச வாய்த்ததைப் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சித்தூர் ஜில்லா தனியே அமைக்கப்படும் வரையில் வடஆர்க்காட்டு ஜில்லாவுக்கு இந்நகரமே தலைநகராக விளங்கியது என்பதையும், வேலூரும் திருப்பதியும் புத்தூரும் அன்று ஒரே கலெக்டரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன என்பதையும் தாங்கள் அறிவீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் பெரும்பாலும் அந்தப் பழைய எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகையால் தங்களைப் புத்தூருக்கும் திருமலைக்கும் வேலூருக்கும் மாறி மாறி அழைத்துச் செல்வேன். பொறுமையோடு உடன் வர வேண்டுகிறேன்.

பொருள் இதுதான். கையில் அடிபட்டு, எலும்பு முறிந்தோ தசைநாண் அறுந்தோ கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், அந்தக் கை குணமாகும் வரையில் தம்முடைய தேகப்பயிற்சியை என்ன செய்ய வேண்டும்? அடியோடு விட்டுவிட வேண்டுமா? தொடர வேண்டுமா? தொடரலாம் என்றால் எவ்வளவு, எப்படி, எதுவரையில்?

பயில்வான்களுக்கு மட்டுமே உரிய கவலை இது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் சீமையில் கை முறிபவர்கள் யார்? கரும்பு ஆலையின் உருளைக்குள் கரும்பைக் கொடுக்கும்போது கவனம் ஒரு நொடி பிசகிய தொழிலாளி; மாமரத்துக் கிளை முறிந்து கீழே விழுந்த குத்தகைக்காரர்; மோட்டார் சைக்கிளில் போகும்போது நாய் குறுக்கே ஓடியதால் சரிந்து விழுந்த மாணவர்; ஈரத் தரையில் வழுக்கி, விழும் வேகத்தில் உள்ளங்கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்ட பாட்டி. இவர்களில் எவருக்குத்தான் பலம் வேண்டாம்? வெல்ல மூட்டையைத் தூக்க வேண்டியவருக்குப் பலம் கூலி; தண்ணீர்க் குடத்தை எடுக்க வேண்டிய பாட்டிக்கு அது சுதந்திரம். ஆதலால் இது எல்லாருக்கும் உரிய விஷயம்.

எலும்பு முறிவு என்று சொன்னவுடனே, தமிழ்நாட்டின் எந்தக் கோடியில் இருப்பவருக்கும் நினைவில் எழும் ஊர் எது? புத்தூர் அல்லவா! அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வைத்தியசாலைப் பலகைகள் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, நாம் பெயரறியாத சிற்றூர்ச் சந்திப்புகளிலும் உண்டு. புத்தூருக்கு அருகிலுள்ள ராச்சபாளையம் என்னும் கிராமத்தில், கேசவராஜு என்பவர் 1881ஆம் ஆண்டில் இந்த வைத்தியத்தைத் தொடங்கினார் என்பது அக்குடும்பத்தில் வழங்கிவரும் வரலாறு. வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு பச்சிலையின் குணத்தைத் தற்செயலாகக் கண்டறிந்தார் என்றும் சொல்லுவார்கள். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895ஆம் ஆண்டில். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, விரல் நுனியால் தடவிப் பார்த்தே முறிவின் இடத்தை அறிந்து, இழுத்துச் சேர்த்து, பச்சிலைச் சாற்றையும் முட்டையின் வெண்கருவையும் தடவி, மூங்கில் சிம்புகளை வரிசையாக வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிய அந்தக் கைகளுக்கு நாம் வணக்கம் செலுத்தத்தான் வேண்டும்.

ஆயினும், மரியாதை என்பது ஆராயாமல் இருப்பதாகாது. அதே 1881ஆம் ஆண்டில், ஜெர்மனி தேசத்தில் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் என்னும் சத்திர வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். கட்டு அளவுக்கு மீறி இறுகினால் முன்கைத் தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு, அத்தசைகள் சில மணி நேரத்துக்குள்ளாகவே மாளத் தொடங்கும் என்பதையும், பிறகு விரல்கள் சுருண்டு கை நிரந்தரமாக ஊனமாகிவிடும் என்பதையும் அவர் அதில் விளக்கினார். இங்கே ராச்சபாளையத்தில் கட்டும் கலை பிறந்த அதே வருஷத்தில், அங்கே ஒருவர் கட்டின் அபாயத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார்! எந்தக் கட்டாக இருந்தாலும், புத்தூர்க் கட்டாக இருந்தாலும் ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டாக இருந்தாலும், விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ, விரலை மெல்ல நீட்டும்போது பொறுக்க முடியாத வலி எழுந்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே வைத்தியரிடம் ஓட வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கும், தசைநாண் அறுந்த காயத்துக்கும் சத்திர சிகிச்சை ஒன்றே வழி. தாய்மார்கள் இதை மறவாதிருக்கும்படி வேண்டுகிறேன்.

அன்பர்களே! கட்டுப் போட்டது எதற்கு? முறிந்த எலும்புக்கு. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கையில் கட்டுப் போட்ட அன்றே முழு மனிதனையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம்! "அசையாதே, எழுந்திராதே, படியேறாதே" என்று பாட்டி சொல்கிறாள், அத்தை சொல்கிறாள், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அன்பினால் சொல்லும் சொற்கள்தாம். ஆனால் அந்த அன்பு ஆறு வாரம் நீடித்தால் விளைவது யாது? முறிந்தது உள்ளங்கையில் ஒரு சிற்றெலும்பு. மெலிந்ததோ தொடை, முதுகு, தோள், மூச்சு எல்லாம். கட்டு அவிழ்க்கும் நாளில் எலும்பு கூடியிருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் மார்பு படபடக்கிறது. கை ஒன்று நோயுற்றதற்காக, நோயற்ற அவயவங்கள் அனைத்தும் தண்டனை அனுபவித்திருக்கின்றன.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வாலிபர் சிலர், வலி சற்றே தணிந்ததும் பத்தாம் நாளிலேயே இரும்பைப் பற்றப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகக் கையின் அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரையில் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை அசைக்கும் தசை விரல்களுக்குள்ளே இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள் நீண்ட நாண்களைக் கொண்டு விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னிருந்து கயிற்றை இழுக்கப் பொம்மை ஆடுவது போன்ற ஏற்பாடு அது. ஆகவேதான், விரலில் பட்ட காயத்துக்குப் போட்ட கட்டினால் முழங்கை வரையில் தசை வற்றுகிறது; பலத்தோடு ஒரு பொருளைப் பற்றினால் அதன் வேகம் முழுவதும் காயம்பட்ட இடத்தில் வந்து தாக்குகிறது. உள்ளங்கை எலும்பு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டிலுள்ள படகெலும்போ, அதற்கு இரத்தம் நுனிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பாய்வதால், இரண்டு மூன்று மாதங்கள் கூட எடுத்துக்கொள்ளும். அறுந்து தைக்கப்பட்ட தசைநாண் ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்கள் வரையில் கனத்தைத் தாங்கத் தகுதியற்றது. வலி நின்றுவிட்டது என்பது எலும்பு கூடிவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அத்தாட்சி சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

சரி, கையை அசைக்கக் கூடாது. உடலை விடவும் கூடாது. இடையில் இருக்கும் வழி என்ன?

அந்த வழியின் வாயிலில் ஒரு விந்தை நிற்கிறது. 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் எட்வர்டு ஸ்கிரிப்சர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கைக்கு மட்டும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைத் தினந்தோறும் கொடுத்தார்கள். மற்றொரு கைக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. முடிவில் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தபோது, சும்மா இருந்த கையிலும் பலம் கூடியிருக்கக் கண்டார்கள்! வலக்கை உழைக்க, இடக்கை ஊதியம் பெற்றது. எப்படி? தசையை இயக்கும் கட்டளை மூளையிலிருந்து பிறக்கிறது. ஒரு கைக்குக் கட்டளையிடக் கற்றுக்கொண்ட மூளை, அந்தக் கல்வியில் ஒரு பங்கை மறு கைக்கும் பயன்படுத்துகிறது. தசை பருத்துவிடுவதில்லை, ஆணை கூர்மையாகிறது. ஆகாசத்திலிருந்து விழும் லாபம் அன்று இது, அளவு சிறியதுதான். ஆனால் கட்டுக்குள் அடைபட்டு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கும் கைக்கு அந்தச் சிறிய பங்கே பெரிய உபகாரம் அல்லவா?

இது ஆராய்ச்சிக் கூடத்து வேடிக்கையோடு நின்றுவிடவில்லை. நான் முன்னே சொன்ன பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள், ஐம்பது வயதைக் கடந்து, மணிக்கட்டு முறிந்த பெண்மணிகளைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையின் முடிவை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு சாராருக்கு அதே சிகிச்சையோடு, முறியாத கைக்கு மட்டும் பிடிப்புப் பயிற்சி. பன்னிரண்டாம் வாரத்தில் முறிந்த கையின் பிடியை அளந்தபோது, பயிற்சி செய்தவர்களுக்குச் சராசரியாக 17 கிலோவும், செய்யாதவர்களுக்கு ஏறக்குறைய 12 கிலோவும் இருந்தது. ஆறு மாதத்துக்குப் பின் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகிவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் பயிற்சியால் பிரயோஜனம் என்ன என்று கேட்பீர்களா? சோற்றுப் பானையைத் தாமே இறக்குவதற்கும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காத்திருப்பதற்கும் இடையே கழியும் அந்த மாதங்களை அனுபவித்த தாய்மார்களைக் கேளுங்கள்; அவர்கள் பதில் சொல்வார்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். ஓஹையோ சர்வகலாசாலையில் 2014ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நல்ல தேகம் உள்ளவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிவைத்தார்கள். அவர்களில் சிலரை மட்டும், வாரத்தில் ஐந்து நாள் அமைதியாக அமர்ந்து, கட்டுக்குள் இருக்கும் கையை முழு வலிமையோடு இறுக்குவதாக மனத்திலே பாவிக்கச் சொன்னார்கள். தசை அசையவில்லை, நினைவு மட்டுமே அசைந்தது. நான்கு வாரம் கழிந்ததும், அவ்வாறு பாவனை செய்தவர்கள் இழந்த பலம், செய்யாதவர்கள் இழந்த பலத்தில் ஏறக்குறைய பாதிதான்! மானசீக பூஜையை அறிந்த நாட்டுக்கு இது புதுமையாகத் தோன்றாது என்று நம்புகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஜபம் செய்ய முடிந்தவருக்கு, கண்ணை மூடிக்கொண்டு கர்லாக் கட்டை சுற்றவும் முடியும்.

இனி, உடலின் மற்றப் பகுதிகளுக்கு வருவோம். கால்களுக்கு என்ன குறை வந்தது? திருப்பதிக்கு அருகே வாழும் நமக்கு, உலகத்தில் எந்த ஜிம்மிலும் இல்லாத ஒரு சாதனம் கண்ணெதிரே கிடக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியாகப் போனால் 2388 படிகள். முழங்கால் முறிச்சான் என்று நம் முன்னோர் பெயரிட்டழைத்த செங்குத்தான ஏற்றத்தில் ஏறியவருக்கு, தொடைக்கு வேறு பயிற்சி தேவையா? கை கட்டுண்டவர் எத்தனை பேர் அந்த வழியில் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து மகிழ்ந்தும் இருக்கிறேன். ஆனால் வேண்டுதல் வேறு, பயிற்சி வேறு. கட்டுப் போட்ட முதல் வாரத்தில், வீக்கம் வடியாதபோது அங்கே போக வேண்டாம். பிறகு போகும்போதும், காயம்பட்ட கையைத் தொங்கவிட்டால் இரத்தம் இறங்கி வீங்கும்; ஆகையால் துணித் தூளியில் மார்பளவுக்கு உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கை கட்டுண்டால் உடலின் சமநிலை மாறும். ஆகையால் நல்ல கை கைப்பிடிச் சுவரின் பக்கம் இருக்குமாறு, துணையோடு, மழையற்ற நாளில் ஏற வேண்டும். முழுவதும் ஏறத்தான் வேண்டும் என்ற பிரதிக்ஞையும் வேண்டாம். வழியிலுள்ள காலி கோபுரம் வரையில் ஏறித் திரும்பினாலும் கால்கள் நன்றி சொல்லும். கீழே விழாதிருப்பது எல்லாப் பயிற்சியிலும் முதற்பயிற்சி.

கனம் தூக்கிப் பழகியவர்களுக்கு நடை மட்டும் போதாது என்பதை அறிவேன். திருப்பதியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நான் நெருங்கி நின்று கவனித்த காட்சியைச் சொல்கிறேன். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்த இளைஞர் ஒருவர். இடக்கையில் முழங்கைக்குச் சற்றுக் கீழிருந்து விரல் மூட்டு வரையில் மாவுக்கட்டு. இரண்டு மரக் கட்டைகளின்மேல் கால்களை அகட்டி நின்றார். இடுப்பிலே அகன்ற தோல் பட்டை, பட்டையிலிருந்து சங்கிலி, சங்கிலியின் முனையில், இரு கால்களுக்கும் நடுவே, இரும்பு வட்டுகள். அந்த வட்டுகளை அவர் தொடவில்லை. ஆசிரியரே மாட்டினார், ஆசிரியரே கழற்றினார். முன்கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, மூச்சை அடக்காமல், நிதானமாகப் பஸ்கி எடுத்தார். தோளின்மேல் கம்பியை ஏற்றிப் பிடிக்க முடியாத கைக்கு, இடுப்பே தோளாயிற்று! ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவர் செய்த காரியந்தான் என் மனத்தைக் கவர்ந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த இடக்கை விரலின் நகத்தை வலக்கை விரலால் அழுத்தி, விட்டு, வெளுத்த நகம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சிவந்தது, தலையசைத்தார், அடுத்த சுற்றைத் தொடங்கினார். பிறகு சாய்பலகையில் குப்புறப் படுத்து, வலக்கையால் மட்டும் டம்பெல்லை இழுத்தார். இடப்பக்கத்துக்கு, தோளை உயர்த்தி இறக்கவும் முழங்கையை மடக்கி நீட்டவும் மட்டும் ஆசிரியர் செய்வித்தார். கனம் ஏதும் வைக்கவில்லை.

அங்கே செய்யாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். தண்டால் இல்லை, தொங்குதல் இல்லை, கட்டுப் போட்ட கையை ஊன்றிப் படுத்தெழுவதும் இல்லை. வியர்வையால் கட்டுக்குள் அரிப்பெடுத்தபோது குச்சியை விட்டுச் சொறியவும் இல்லை. எத்தனையோ நல்ல கட்டுகளுக்குள் புண்ணை உண்டாக்கியது பின்னல் ஊசியும் ஈர்க்குச்சியுந்தான்.

"ஒரு பக்கம் மட்டும் பயின்றால் உடல் கோணிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தசை சில வாரங்களில் மலைபோல் வளர்ந்துவிடுவதில்லை. வித்தியாசம் சிறிதளவு ஏற்பட்டாலும், மறு கை உழைக்கத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். யேலும் கனடாவும் சொன்ன செய்தியையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: நல்ல கைக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு நோயுற்ற கைக்கும் போய்ச் சேருகிறது.

உணவைப் பற்றி ஒரே வார்த்தை. பத்தியம் என்ற பெயரால் முட்டையையும் பாலையும் பருப்பையும் நிறுத்தி, இரசஞ்சாதத்தோடு ஆறு வாரம் கழிப்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. எலும்பு கூடுவதற்கும் தசை நிற்பதற்கும் புரதம் வேண்டும். காயமுற்ற காலத்தில் அது அதிகமாகவே வேண்டும். பீடி சிகரெட்டை நிறுத்துங்கள். அவை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகின்றன. பத்தியம் வேண்டுவது அங்கேதான்.

இனி வேலூருக்கு வாருங்கள். 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர் சத்திர வைத்தியர் பால் பிராண்டு. வைத்தியம் பயிலுமுன் தச்சுவேலையும் கட்டிட வேலையும் கற்றவர் அவர். 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். வந்த சில காலத்துக்குள் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் சுருண்டு நகம்போல் வளைந்திருந்த ஒரு நோயாளியின் கையைப் பற்றி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிராண்டுக்கு வலி பொறுக்கவில்லை! வீணாகிப் போனது என்று உலகம் கைவிட்ட அந்தக் கைக்குள்ளே அவ்வளவு வலிமை இருந்தது. சில தசைகள் செயலற்றிருந்தன. சில முழு உயிரோடு இருந்தன. உயிருள்ள தசையின் நாணை எடுத்து, செயலற்ற தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தும் சத்திர சிகிச்சையை அவர் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யத் தொடங்கியதற்கு அந்தப் பிடியே தூண்டுகோல்.

ஆனால் அன்பர்களே, கவனியுங்கள். நாணை மாற்றித் தைத்ததோடு கை நேராகிவிட்டதா? இல்லை. ஒரு விரலை மடக்கிப் பழகிய தசை, இனி வேறொரு வேலையைச் செய்ய வேண்டும். மூளை அதைப் புதிதாகக் கற்க வேண்டும். வாரக்கணக்கான பயிற்சி அதற்கு அவசியமாயிற்று. மெழுகில் கையை முக்கி இளக்கி, விரல் ஒவ்வொன்றாக அசைக்கப் பழக்கினார்கள். அதற்குப் பிறகு நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பில் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். உளியும் இரம்பமும் அங்கே ஜீவனத்துக்கு வழியாகவும் இருந்தன, சிகிச்சையாகவும் இருந்தன. சத்திரம் செய்த கையைக் காட்டிலும், சத்திரத்துக்குப் பின் பயிற்றிய கைக்கே நான் அதிகப் பெருமை கொடுப்பேன். பிராண்டும் மறுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் இருந்தார். 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கால்கள் போயின, கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்தார். 1966ஆம் ஆண்டில் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன். இழந்ததைப் பற்றிய கணக்கை மூடிவிட்டு, மிஞ்சியதை வலிமைப்படுத்த முனைந்த அந்த அம்மையாரின் சரித்திரத்தை நம் பாடசாலைகளில் பெண் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவின் பெயர் உடனே நினைவுக்கு வந்திருக்கும். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன், பயிற்சியின்போது அவருடைய இடக்கையில் நான்காவது உள்ளங்கை எலும்பு முறிந்தது. முறிந்த கையோடு களம் இறங்கி, வலக்கையால் 87.86 மீட்டர் தூரம் எறிந்தார். ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டாம் இடம் பெற்றார். அவர் வீரத்தைப் போற்றுகிறேன். ஆயினும், இளைஞர்களே, அவரைச் சுற்றி வைத்தியர் குழு ஒன்று இருந்தது. எக்ஸ்ரே படம் கையில் இருந்தது. முறிந்தது எறியும் கை அன்று. அந்த ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டு, முறிந்த கையால் கனம் தூக்கக் கிளம்பிவிடாதீர்கள். அவரிடம் கற்க வேண்டுவது அந்த ஒரு நாளில் இல்லை. 2019ஆம் ஆண்டில் எறியும் கையின் முழங்கையில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு, மாதக் கணக்காகப் போட்டிகளைத் துறந்து, முறைப்படி தம்மை மீட்டுக்கொண்டு, 2021ஆம் ஆண்டில் டோக்கியோவில் தங்கம் வென்றாரே, அந்த இடைக்காலத்தில் இருக்கிறது.

கட்டு அவிழ்ந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் என் பேச்சு நிறைவு பெறாது. நம் நாட்டில் அதிகமான கைகள் கெடுவது அந்த நாளுக்குப் பின்னரே. கட்டவிழ்த்தவுடன் தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அல்லது, பயந்து, அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டே மேலும் இரண்டு மாதம் கழிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். தோல் வெளிறி, முன்கை மெலிந்து, விரல் மடங்க மறுக்கும் அந்தக் கைக்கு முதலில் அசைவு, பிறகு பிடி, அதன் பிறகே கனம். வெதுவெதுப்பான நீருக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள். வைத்தியர் அனுமதித்த பின், சப்பாத்தி மாவை அழுத்திப் பிசையுங்கள். ஈரத் துணியைப் பிழியுங்கள். அரைக் குடம் நீர் எடுத்துப் பாருங்கள். பயிற்சியால் இரவில் வலி மிகுந்தாலோ, மறுநாள் காலையில் விரல் வீங்கியிருந்தாலோ, அளவு மீறிவிட்டது என்று பொருள். ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள். பளு தூக்குபவர்கள் வெறுங்கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். வெறுங்கம்பியே 20 கிலோ இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கை அவ்வளவுக்கும் ஆயத்தமாகவில்லையென்றால் மூங்கில் கழியை எடுங்கள். மூங்கில் புத்தூரில் எலும்புக்கு உதவியது, இங்கே பிடிக்கு உதவட்டும்.

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனை இருக்கிறது. ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, அங்கே பிசியோதெரபிக் கல்லூரியும் இருக்கிறது. ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலூரோ கூப்பிடு தூரம். கட்டுப் போடும் அன்றே, "இந்தக் கட்டு எத்தனை நாள்?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "இந்த நாட்களில் நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, கட்டு அவிழ்ந்த பின் யாரிடம் வர வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புத்தூரில் கட்டிக்கொள்பவர்களும், கட்டு அவிழ்ந்த பிறகாவது ஒரு பிசியோதெரபி நிபுணரைப் போய்ப் பாருங்கள். அதில் கட்டியவருக்கு அவமதிப்பு ஒன்றும் இல்லை.

இம்மண்டபத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். தங்களுக்கு ஒரு விண்ணப்பம். கையில் கட்டோடு ஒருவர் வாயிற்படியில் வந்து நின்றால், "குணமானபின் வா, தம்பி" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கேளுங்கள். இருந்தால் உள்ளே அழையுங்கள். இடுப்புப் பட்டை ஒன்றும், சாய்பலகை ஒன்றும், வட்டு மாட்டிக் கொடுக்க ஓர் ஆளும் போதும். அந்த மாதங்களுக்குச் சந்தாவில் பாதியைக் குறைத்துக்கொள்ளவும் தங்களுக்கு மனம் வரும் என்று நம்புகிறேன்; கை முறிந்த மாதத்தில் கூலியும் முறிந்திருக்கும்.